படம் உடைகிற இடம்

புஷ்பவதிக்குப் பொறாமை வருவதற்கு ஆள் தேவையில்லை, ஒரு மரம் போதும். தெஹியோவிட்டை ஊருக்கு மேலே ரப்பர் மலையில் அவளுக்கென்று ஒரு மர வரிசை, அதை அடுத்துச் சுதர்ஷினிக்கு ஒரு வரிசை. இரண்டு பேரும் காலையிலேயே போய்ப் பட்டையைச் சீவி, சிரட்டையைக் கட்டிவிட்டு வருவார்கள். பால் எடுக்கத் திரும்பப் போகும்போது சுதர்ஷினியின் சிரட்டை பொங்கல் பானை மாதிரி நிறைந்திருக்கும். புஷ்பவதியின் மரம் சளி பிடித்த பிள்ளையின் மூக்கு மாதிரி ஒழுகிக்கொண்டிருக்கும். "மரத்துக்குக்கூட ஆள் பாத்துத்தான் பால் வருது" என்று அந்த மரத்தை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் சிரட்டையை வாளியில் கவிழ்ப்பாள்.

பக்கத்துக் காம்பரா வீட்டுக் கோழி விடாமல் நாலு நாள் முட்டையிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அண்டை வீட்டுச் சஜீதா புதுச் சட்டி வாங்கினால் தன் வீட்டுச் சட்டியைப் போட்டுத் தேய்ப்பாள், சட்டிக்கே வலிக்கும். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பொறாமை. நாற்பத்திரண்டு வயதில், மகளையும் மகனையும் கட்டிக்கொடுத்த பிறகு, அவளுக்கு மொத்தமாக வந்து சேர்ந்த பொறாமை ஒரு கறுப்பு வெள்ளைப் பொம்பளை மேல். அந்தப் பொம்பளை ஒரு படத்துக்குள் இருந்தாள்.

படத்துக்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அது டிஸ்க் உறையில் இருந்தது, உறையை எலி தின்றுவிட்டது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எல்லோருக்கும் அது 'ஓடிப்போன படம்'. கல்யாணத்துக்கு முந்தின நாள் பெண் ஓடிப்போகிறாள். அதே நாள் மாப்பிள்ளையும் ஓடிப்போகிறான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பட்டணத்தில் ஒரே வீட்டுக்கு மேல்மாடியில் அவளும் கீழே அவனுமாகக் குடிவந்து, பொய்ப்பெயரில் சண்டை பிடித்து, பொய்ப்பெயரிலேயே காதலிக்கிறார்கள். தேடி வருகிற இரண்டு அப்பாமாரும் தெருவில் ஒருவரையொருவர் திருடன் என்று நினைத்துக் கட்டிப் புரளுகிறார்கள்.

ரப்பர் மலையில் மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் சிரட்டைக்கு வராது, மரமெல்லாம் வழிந்து மண்ணுக்குப் போகும். அப்படி வேலை நின்ற நாளில் லயமே சஜீதா வீட்டில் கூடிவிடும். போன் இல்லாத வீடு இல்லைதான். ஆனால் மழை தொடங்கினால் முதலில் லீவு எடுப்பது சிக்னல். சஜீதாவின் அக்கா குவைத்திலிருந்து அனுப்பிய டிவிடி டெக்கும், ஈரத்துக்குத் தப்பின ஒரே ஒரு டிஸ்க்கும் மட்டும் கடமை தவறாதவை. ஆறு வருடமாக ஒரே படம். பகிடி வருவதற்கு இரண்டு நொடிக்கு முன்பே எல்லோரும் சிரித்துவிடுவார்கள். படம்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு ஓடிவரும்.

அந்த டிஸ்க்கில் ஒரு கீறல் இருந்தது. கதாநாயகி கோபித்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் கேட்டைத் திறப்பாள். மழை கொட்டும். கதாநாயகன் குடையோடு பின்னால் ஓடிவருவான். அந்த இடத்தில் படம் கட்டம் கட்டமாக உடையும். கதாநாயகனின் மூக்கு கதாநாயகியின் கன்னத்துக்குப் போகும். டெக் தொண்டையைச் செருமும். அடுத்தது கல்யாண மேடை, மாலை, நாதஸ்வரம். கோபித்துப் போனவள் ஏன் திரும்பி வந்தாள் என்கிற கதை முழுவதும் காணாமல் போன அந்த நாலு நிமிடத்தில் இருந்தது.

முதல் தடவை அப்படித் தாவியபோது லயமே 'ஐயோ' என்றது. அப்போதுதான் ரப்பர் ஸ்டோரில் வேலை செய்கிற சசி, புஷ்பவதியின் புருஷனைத் திரும்பிப் பார்த்தான்.

"பொன்னண்ணே, நீங்கதானே இந்தப் படத்த அவிசாவளைத் தியேட்டர்ல பாத்தேன்னு சொன்னீங்க? என்னா நடக்குது, சொல்லுங்க."

பொன்னுத்துரை பேச்சில் பரம ஏழை. வீட்டில் அவரிடம் இருந்தது ஒரே ஒரு எழுத்து: 'ம்'. பசிக்கு ஒரு ம், தூக்கத்துக்கு ஒரு ம், புஷ்பவதி அரை மணி நேரம் வாய் வலிக்கப் பேசி முடித்தால் அதற்கும் ஒரு ம். அப்படிப்பட்ட மனுசன் அன்றைக்கு எழும்பி நின்று, துவாயைத் தோளில் போட்டு, அரிசி மூட்டை இருந்த மூலையைப் பார்த்துக் காட்சியைச் சொல்லத் தொடங்கினார். குரல் அவருடைய குரலாகவே இல்லை. வெல்லத்தைச் சுடுதண்ணீரில் போட்டது மாதிரி கரைந்துகொண்டு வந்தது.

புஷ்பவதிக்குப் பொறாமை காலிலிருந்து அட்டை மாதிரி ஏறியது. அந்தப் படத்துச் சிறுக்கிக்கு இந்தக் குரலா? புருவத்தை நூலாட்டம் வைத்துக்கொண்டு, குடையின் கீழே நின்று கண்ணைச் சிமிட்டுவதற்கா?

"நான் போய்த் தேத்தண்ணி ஊத்திட்டு வாறேன்" என்று எழும்பிப் போனாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. கேட்டுக்குக் கிட்ட கதாநாயகி வந்ததும் சஜீதா டெக்கை நிறுத்துவாள். "சரி, பொன்னண்ணே, எந்திரிங்க" என்பாள். பொன்னுத்துரை எழும்புவார், புஷ்பவதியும் எழும்புவாள். அவர் மூலைக்கு, இவள் குசினிக்கு. கேத்தல் மூடியை எவ்வளவு சத்தமாக வைக்க முடியுமோ அவ்வளவு சத்தமாக வைப்பாள். அப்படியும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வரும், பிறகு எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்ட ஓர் அமைதி, கடைசியில் சுதர்ஷினி மூக்கை உறிஞ்சுகிற சத்தம். ஆறு வருடத்தில் புஷ்பவதிக்கு அந்தக் காட்சியைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அதோடு, வெளியே வருகிறவர்கள் சொல்லுகிற ஒரு துண்டு: "கடைசியில குடைய மடக்கினாரு பாருங்க, அங்கதான் என்னால முடியல்ல."

வீட்டில் சும்மா இருப்பாளா? ஒரு நாள் அந்தக் கதாநாயகி மாதிரியே காதுக்கு மேலே ஒரு பெரிய செம்பருத்தியைச் செருகிக்கொண்டு சோறு போட்டாள். பொன்னுத்துரை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னா அது, காதுல புண்ணா?"

அன்றைக்குக் குழம்பில் உறைப்பு கூடிப்போனதற்குச் செம்பருத்தி பொறுப்பல்ல.

"அவகிட்ட மட்டும் ஒங்களுக்கு எப்பிடிப் பேச்சு வருது?" என்று இன்னொரு நாள் கேட்டே விட்டாள்.

"எவகிட்ட?"

"அவகிட்டத்தான்."

"அது படம் புஷ்பம்" என்றார். அந்த வருடத்தில் அவளிடம் அவர் பேசிய நீளமான வசனங்களில் அதுவும் ஒன்று.

அந்த நாலு நிமிடத்தில் அவள் என்னதான் சொல்லி மயக்குகிறாள் என்று பார்த்துவிடுவது என்று முடிவெடுத்தாள். எதிராளியின் ஆயுதம் தெரிய வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவுக்கு இறங்கி, போன் கடை ரிப்கானிடம் போய் நின்றாள். அவனுடைய உம்மா ஆஸியா கடைக்குள் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து போன் உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, ஒரு பழைய படம் வேணும். பேர் தெரியாது. பொண்ணும் ஓடுவா, மாப்பிள்ளையும் ஓடுவான்."

"அக்கா, எல்லாப் படத்திலயும் யாராவது ஓடுறாங்கதானே" என்றான் ரிப்கான்.

"ரெண்டு வாப்பாமாரும் ரோட்டுல பொரளுவாங்களே, அதுவா?" என்று ஆஸியா தலையை நிமிர்த்தினார். "அது எனக்குத் தெரியும் புள்ள. சின்ன வயசுல பாத்து, சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கல் எடுத்தது." பெயரைச் சொன்னார். ரிப்கான் தட்டினான். படம் வந்தது.

"கேட்டுக்கிட்ட மழை வருமே, அந்த இடத்துக்குப் போங்க தம்பி."

போனான். கேட் திறந்தது, மழை கொட்டியது. கதாநாயகன் குடையோடு ஓடிவந்தான். புஷ்பவதி போன் மேல் குனிந்தாள்.

ஒரு நாய் குரைத்தது. கதாநாயகன் குடையைப் போட்டுவிட்டு ஓடி, சுண்ணாம்புத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தான். வெள்ளையாக எழும்பி வந்தவனைப் பேய் என்று நினைத்துக் கதாநாயகி பெட்டியால் அடித்தாள். பிறகு ஆளைத் தெரிந்ததும் சிரித்தாள். அவனும் சிரித்தான். கல்யாண மேடை.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அக்கா."

"பேச்சே இல்லியே?"

"நாய் பேசிச்சே" என்றான் ரிப்கான். ஆஸியாவுக்கு அதற்குள் விக்கல் எடுத்துவிட்டது.

புஷ்பவதிக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தை ஒரு பென் டிரைவில் போட்டு வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறினாள். ஏற ஏற யோசனையும் ஏறியது. குடை மடக்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்படியென்றால் ஆறு வருடமாக மூலையைப் பார்த்து இந்த மனுசன் பேசியது யாருடைய பேச்சு? 'ம்' மட்டும் தெரிந்த ஆளுக்கு அவ்வளவு வார்த்தை சொந்தமாக வந்திருக்காது. யாரோ ஒருத்தியிடம் பேசிப் பழகியிருக்க வேண்டும். பாதி மேட்டில், கறுப்பு வெள்ளைப் பொம்பளை மேல் இருந்த பொறாமை இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தில் கலரில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

மறுநாள் மலையில் சுதர்ஷினியை வழிமறித்தாள்.

"நீ ஏன்டி எங்க வீட்டுக்காரரு கதை சொன்னா மட்டும் அழுவுற?"

சுதர்ஷினி சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். "நீங்க குடுத்து வச்சவங்க அக்கா. ஒங்களுக்கு அதோட அருமை தெரியாது."

"எதோட அருமை?"

"போங்கக்கா, தெரியாத மாதிரி கேக்குறீங்க" என்று அவள் அடுத்த மரத்துக்குப் போய்விட்டாள். அந்த மரத்திலும் சிரட்டை நிறையப் பால்.

புஷ்பவதிக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் செய்ததையெல்லாம் எழுதினால் கடவுளே கோபித்துக்கொள்வார். பொன்னுத்துரையின் சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தாள், இரண்டு பீடியும் ஒரு பொத்தானும் கிடைத்தன. பொத்தான் யாருடையது என்று மூன்று நாள் ஆராய்ச்சி செய்தாள். கடைசியில் அது அவளுடைய சட்டையிலிருந்தே விழுந்தது என்று தெரிந்தது. தைக்கச் சொல்லி எடுத்து வைத்திருந்தாராம். அதற்காகவும் அவள் மன்னிக்கவில்லை. மழை வரட்டும் என்று காத்திருந்தாள். முழுப் படத்தையும் எல்லோர் முன்னாலும் ஓடவிட வேண்டும், கதை சொல்கிற மனுசன் மாட்டிக்கொண்டு முழிக்க வேண்டும், முழிக்கும்போது அந்த முழி யார் பக்கம் திரும்புகிறது என்று பார்க்க வேண்டும். இருபத்தொன்பது வருடம் குடித்தனம் செய்த ஆள் யாருடைய ஆள் என்று ஒரு திரும்பலில் தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போனவர்கள் வேலையில்லை என்று திரும்பி வந்தார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் சஜீதா வீடு நிறைந்தது.

"இன்னைக்கி டிஸ்க் வேணாம்" என்று புஷ்பவதி பென் டிரைவை நீட்டினாள். "முழுப் படம். வெட்டே இல்ல."

"அட, அக்கா! எங்கயிருந்து?" சஜீதா டெக்கின் முன்னால் இருந்த ஓட்டையை ஊதினாள். அதில் ஆறு வருடமாகக் குடியிருந்த ஒரு கரப்பான் வீட்டைக் காலி செய்தது.

பொன்னுத்துரை பென் டிரைவைப் பார்த்தார். பிறகு தன் கால் விரலைப் பார்த்தார். புஷ்பவதி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் ஓடியது. வழக்கம்போல் இரண்டு நொடி முந்திச் சிரித்தார்கள். அப்பாமார் புரண்டார்கள். கதாநாயகி பெட்டியைத் தூக்கினாள். கேட்டுக்குக் கிட்ட வந்ததும் சஜீதாவின் கை பழக்கத்தில் ரிமோட்டுக்குப் போனது. "விடு, ஓடட்டும்" என்றாள் புஷ்பவதி.

ஓடியது. நாய் குரைத்தது. தொட்டியில் விழுந்தான். பெட்டியால் அடி. சிரிப்பு. மேடை.

கூரைத் தகரத்தில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது. புஷ்பவதி காத்திருந்தாள்.

"இது என்னா படம்?" என்றான் சசி.

"அதே படந்தான். இதுதான் முழுசு."

"எங்கக்கா முழுசு? குடைய மடக்குற இடமே வரல்லியே!"

"நாய எங்கயிருந்து கொண்டாந்தாங்க?" என்று சஜீதா எரிந்து விழுந்தாள். "நல்ல சீனை வெட்டிட்டு நாயப் போட்டிருக்கானுங்க."

"போன்ல வர்றதெல்லாம் இப்பிடித்தான்" என்று சசி எல்லாம் தெரிந்தவன் மாதிரித் தலையை ஆட்டினான். "விளம்பரம் போடுறதுக்காக முக்கியமான எடத்த வெட்டிருவாங்க. கடைக்காரன் ஒங்களை ஏமாத்திட்டான் அக்கா."

"டிஸ்க்கே போடு சஜீதா" என்றாள் சுதர்ஷினி. "அதுலதான் ஒழுங்காயிருக்கு."

உள்ள படத்தைப் பொய் என்றும், இல்லாத காட்சியை மெய் என்றும் ஒரு லயமே சேர்ந்து தீர்ப்புச் சொல்லிவிட்டது. புஷ்பவதி பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டாள். அதற்குள் டிஸ்க் உள்ளே போய், கேட்டுக்குக் கிட்ட வந்து, கட்டம் கட்டமாக உடைந்து நின்றது.

"எந்திரிங்க பொன்னண்ணே."

"இன்னைக்கி வேணாம்" என்றார் பொன்னுத்துரை.

"அதெப்பிடி வேணாம்? நாயப் பாத்த கண்ணைக் கழுவ வேணாமா?"

அவர் எழும்பினார். துவாயைத் தோளில் போட்டார். வழக்கம்போல் ஒரு கணம் குசினி வாசலைப் பார்த்தார். ஆறு வருடமாக அந்த வாசல் வழியாக ஒருத்தி போன பிறகுதான் அவர் தொடங்குவார். இன்றைக்கு அவள் போகவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, நிலையில் சாய்ந்து, இரண்டு கண்ணையும் அவர் மேல் ஆணி மாதிரி அடித்துக்கொண்டு நின்றாள். முழி எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே தீர வேண்டும்.

பொன்னுத்துரையின் முழி எந்தப் பக்கமும் திரும்பவில்லை. அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அவ கேட்டுக்கிட்ட ஒரு மரத்தடியில நிக்கிறா. தெப்பமா நனைஞ்சிட்டா. இவரு குடையக் கொண்டுபோய் நீட்டுறாரு. அவ வாங்க மாட்டேங்கிறா. மொகத்தைத் திருப்பிக்கிட்டுச் சொல்றா... 'ஒங்க குடை எனக்கு வேணாம். இதக் குடுத்துட்டு நீங்க நனைவீங்க. நாளைக்கி காய்ச்சல்னு படுப்பீங்க. நாலு நாள் ஒங்களைக் காணாம நான் யாரோட சண்ட புடிக்கிறது?'"

எல்லோரும் சிரித்தார்கள். இதுதான் குசினிக்குக் கேட்கிற அந்தச் சிரிப்பு.

புஷ்பவதி சிரிக்கவில்லை. அவளுக்குள் ஏதோ ஒன்று செருமியது, டெக் செருமுகிற மாதிரி. நல்ல வாய்தான் இவளுக்கு என்று முதலில் எரிந்தாள். அடுத்த நொடி, இந்த வாயை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று பட்டது.

"இவருக்கு என்னா சொல்றதுன்னு தெரியல்ல" என்று பொன்னுத்துரை தொடர்ந்தார். "அவளுக்குக் குடுத்தா வாங்க மாட்டா. தான் புடிச்சா அவ நனைவா. பாத்தாரு. குடைய மடக்கிட்டாரு. ரெண்டு பேரும் சும்மா நனைஞ்சுக்கிட்டே நின்னாங்க. அவ்வளவுதான்."

மூச்சடங்கின அந்த அமைதி வந்தது. சுதர்ஷினி மூக்கை உறிஞ்சத் தயாரானாள்.

"மடக்கல்ல" என்றாள் புஷ்பவதி.

எல்லோரும் திரும்பினார்கள்.

"குடையே இல்ல. யூரியாச் சாக்கு. தலையில கொங்காணியாப் போட்டிருந்தீங்க. நான் வேணாம்னதும் அத மடிச்சு..." கட்டியிருந்த கை அவிழ்ந்தது. "மடிச்சு எம் பால் வாளிய மூடினீங்க. மழைத்தண்ணி உழுந்தா பால் கெட்டுப்போயிரும்னு."

பொன்னுத்துரை முதல் தடவையாக மூலையை விட்டுத் திரும்பினார். திரும்பின முழி நேரே நிலைவாசலுக்குத்தான் வந்தது.

"படத்துல வாளி ஏது?" என்றார். "அதான் மடக்க வச்சேன்."

"அக்கா, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றான் சசி. "நீங்கதான் ஒரு நாளும் இந்த சீனைக் கேட்டதே இல்லியே."

சுதர்ஷினி அவன் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். "பொம்பளைங்க எல்லாருக்கும் எப்பவோ தெரியும். ஒனக்கும் அக்காவுக்கும்தான் தெரியாது."

படம் முடிந்து வீட்டுக்கு வரும்போது மழை விட்டபாடில்லை. லயத்து வாசல் ஓரமாக முன்னால் அவர், பின்னால் அவள்.

"நெசமாவே அந்தப் படத்தத் தியேட்டர்ல பாத்தீங்களா?"

"போனேன். பஸ்ஸு பிந்திருச்சு. கடைசி அரை மணித்தியாலந்தான் கெடைச்சுது. அதுலயும் தூங்கிட்டேன்."

"பொறகு?"

"எல்லாரும் சொல்லு சொல்லுன்னாங்க. எனக்குத் தெரிஞ்ச சீன் அது ஒன்னுதான்."

அவளுக்கு அந்தச் சாக்கு நினைவிருந்தது. வாளி நினைவிருந்தது. மரத்தில் வழிந்து வீணாகிப் போன பால்கூட நினைவிருந்தது. அந்தப் பேச்சு மட்டும், பதினெட்டு வயதில் சொன்ன அன்றைக்கே அவளிடமிருந்து போய்விட்டது. கோபத்தில் எத்தனையோ சொல்லுகிறோம், யார் எடுத்து வைக்கிறார்கள்? இந்த மனுசன் எடுத்து வைத்திருக்கிறார், பொத்தான் மாதிரி.

"எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"நீதான் தேத்தண்ணி ஊத்தப் போயிருவியே."

அடுத்த மழைக்குப் புஷ்பவதி எல்லோருக்கும் முந்திப் போய் டெக்குக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். தேத்தண்ணி ஊற்ற ஆளில்லாமல் சஜீதா புலம்பினாள். காட்சி வந்தது. பொன்னுத்துரை சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், சுதர்ஷினி உறிஞ்சினாள். ஓர் ஆளின் முகம் மட்டும் கடுகடுவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து சோறு போடும்போது கரண்டி சட்டியில் பட்ட விதமும் சரியில்லை.

"இப்ப என்னா?" என்றார் பொன்னுத்துரை.

"ஒன்னுமில்ல. எம்புட்டு வாய் அவளுக்கு. பதினெட்டு வயசுல."

"எவளுக்கு?"

"அவளுக்குத்தான்" என்றாள் புஷ்பவதி. அவருக்குப் பிடித்த பொரியலைக் கிண்ணத்தோடு நகர்த்தி வைத்துவிட்டு, அதற்கும் சேர்த்து முறைத்தாள்.